குட்டை விரல் கையுறைகள்

ஜனவரி 12

சின்னவளுக்கு,

உறை மேல் இருப்பது என் கையெழுத்து இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து முகவரியை எழுதி வாங்கினேன். என் எழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவாய் என்று பயம். ஆறு வருடம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு சின்ன ஏமாற்று வேலையோடு ஆரம்பிக்கிறேன். என் மேல் இருக்கிற கோபத்தில் இதையும் சேர்த்துக்கொள், மூட்டையோடு மூட்டையாக இருக்கட்டும்.

எங்கள் எதிர் வீட்டில் ஒருவர் குடியிருக்கிறார். நீ ஊரை விட்டுப் போன பிறகு வந்தவர். ஆலையில் உன் வீட்டுக்காரர் பார்த்த அதே வேலை, சட்டி சுரண்டுவது. ஆறடிக்கு மேல் உயரம், கழுத்தும் நீளம், அதனால் எல்லோருக்கும் அவர் ஒட்டகம். அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒட்டகம் வேலை முடிந்து வருகிறார். ஒரு கை சுவரில். ஓரடி நேராக வைத்தால் அடுத்த அடி கோணல். என்னைப் பார்த்துக் காரணமே இல்லாமல் சிரிக்கிறார். என் நாக்கு நுனிக்கு அந்தச் சொல் வந்துவிட்டது. எந்தச் சொல் என்று உனக்குத் தெரியும்.

அதற்குள் அவர் படியில் கால் தடுக்கி என் மேலேயே சாய்ந்தார். தாங்கிப் பிடித்தேன். சாராய வாடை துளியும் இல்லை. இனிப்பாக ஒரு வாசனை, மருந்துக்கடையும் மிட்டாய்க்கடையும் ஒன்றாகக் கலந்த மாதிரி.

"ஒண்ணுமில்லக்கா. சட்டிக்குள்ள இறங்கினா இப்படித்தான். கொஞ்சம் காத்து பட்டா சரியாயிடும்" என்றார்.

அந்த வாசனை எனக்குப் புதிதில்லை. உன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டையில் அதே வாசனைதான் அடிக்கும்.

பத்தொன்பது வருடமாக ஆலைக்குக் கையுறை தைத்துக் கொடுக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றுதான் ஒட்டகத்தை உட்கார வைத்துக் கேட்டேன். எண்ணெயிலிருந்து எடுக்கும் வாயுவை வீட்டளவு இருக்கும் இரும்புச் சட்டியில் போட்டுச் சமைக்கிறார்களாம். அது வெள்ளைப் பொடியாகி, பிறகு பிளாஸ்டிக் குழாயாகவும் பொம்மையாகவும் ஆகிறதாம். பொடியை இறக்கிய பிறகு சட்டிச் சுவரில் ஒரு பொருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். மேல் வாய் வழியாக ஓர் ஆள் இறங்கி அதை உளியால் செதுக்க வேண்டும். செதுக்கச் செதுக்க, உள்ளே சிக்கியிருந்த வாயு கிளம்பி மூஞ்சியில் அடிக்கும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் வீட்டுக்காரருக்கு விரல் நுனி வெளுத்துப் போனதுண்டா? ஒட்டகத்துக்கு வெளுத்திருக்கிறது.

அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

வெளுத்திருந்தது.

பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகிவிடும். உணர்ச்சி இருக்காது. சட்டைப் பொத்தானைக் கடைசி இரண்டு வருடம் நான்தான் போட்டுவிட்டேன். பிறகு நகம் அகலமாகி விரல் நுனி குட்டையானது. பிறகு கண் மஞ்சளாகி வயிறு வீங்கியது. ஆலை மருந்தகத்தில் ஒரே வரி எழுதிக் கொடுத்தார்கள்: "ஈரல் பழுது, குடிப்பழக்கத்தால்." அவர் ஒரு சொட்டுத் தொட்டவரில்லை. முப்பத்தெட்டு வயது.

அவரை எடுத்துக்கொண்டு போன அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நீ சமையலறை அலமாரியைத் திறந்து துழாவினாய். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். "பாட்டில் ஏதாச்சும் இருந்தா எடுத்துப் போட்டுடலாம், நாலு பேர் பார்த்தா அசிங்கம்" என்றாய். குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாரத்தில் நான் குடிகாரன் பெண்டாட்டி.

ஒட்டகத்தை இனிமேல் சட்டிக்குள் இறங்க வேண்டாம் என்று சொல். இது அவருக்காக எழுதியது, உனக்காக இல்லை. மறுபடி எழுதாதே.


பிப்ரவரி 3

சின்னவளுக்கு,

எழுதாதே என்றாய். நான் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

அலமாரி விஷயம் எனக்கு நினைவே இல்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். இரண்டு தாளைக் கிழித்தேன். நினைவிருக்கிறது. அன்று என் கையில் தட்டுப்பட்டது ஒரு தேன் புட்டி மட்டும்தான். அதை வைத்துவிட்டு அலமாரியைச் சாத்தியவள், ஒன்றும் இல்லை என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கு மேல் ஒரு பாவம் இருக்கிறது, அதையும் கேள். ஆலை ஆட்கள் கையுறைக்கு அளவு கொடுக்க வந்தால், செய்தித்தாளில் கையை வைத்து பென்சிலால் சுற்றி வரைந்துகொள்வேன். ஆளுக்கொரு கட்டு. எதையும் தூக்கிப் போடும் பழக்கம் எனக்கு இல்லை என்று நம் அம்மா திட்டுவாளே, எல்லாத் தாளும் பரணில் இருந்தன. உன் கடிதம் வந்த அன்று இறக்கினேன். சட்டி சுரண்டுகிறவர்கள் இப்போது இருபத்திரண்டு பேர். அதில் ஏழு பேர் வருடா வருடம் என்னிடம் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: "அக்கா, விரலை இன்னும் கொஞ்சம் குட்டையா தைங்க. நுனி காலியா தொங்குது."

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? முதலில் தப்பாக வரைந்துவிட்டேன் என்று. என் கை வேலை மேல்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அவர்கள் விரல் குறைகிறது என்று தோன்றவில்லை. ஒட்டகத்தின் நாலு வருடம் முந்தைய தாளையும் புதுத் தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை பொருந்துகிறது, மணிக்கட்டு பொருந்துகிறது, விரல்கள் பொருந்தவில்லை. அரை அங்குலம்.

உன் வீட்டுக்காரர் கட்டும் இருக்கிறது. மூன்று தாள். அதை ஜன்னலில் வைத்துவிட்டு நான் வெகுநேரம் தையல் மிஷின் பக்கமே போகவில்லை.

பத்தொன்பது வருடமாக நான் அளந்து அளந்து வெட்டியிருக்கிறேன், சின்னவளே. வெட்டியது துணி என்று நினைத்துக்கொண்டு.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

அந்தத் தாள்களைப் பத்திரமாக வை. தேதி எழுதியிருக்கிறாயா? இல்லையென்றால் அந்தச் செய்தித்தாளிலேயே தேதி இருக்கும், அந்த ஓரத்தை வெட்டிவிடாதே.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். முப்பத்தைந்து வயதில் சின்னப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்து வாங்கிய வேலை. அவர் கைகளை ஒரே ஒரு முறை வெளியில் படம் எடுத்திருந்தோம். அந்தப் படத்தை யாரும் எனக்குப் படித்துச் சொல்லவில்லை. நானே படித்துவிடலாம் என்றுதான் இந்த வேலைக்கு வந்தேன். படிக்கவும் தெரிந்துகொண்டேன், அவர் விரல் நுனி எலும்புகள் கரைந்து போயிருந்தன. ஏன் என்று மட்டும் தெரியவில்லை. வெளியே காட்டவும் பயம். இங்கேயும் ஒருவர் "குடிச்சாரா?" என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது?

உன் கடிதம் வந்த மறுநாள் அந்தப் படத்தை எங்கள் எலும்பு டாக்டரிடம் கொண்டு போனேன். அந்த அம்மா விளக்குப் பலகையில் படத்தை மாட்டிவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இவர் பிளாஸ்டிக் பொடி செய்யற ஆலையில வேலை பார்த்தாரா?"

நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை, அக்கா. படத்தைப் பார்த்தே கேட்டார்.

"குடிச்சா ஈரல் கெடும். விரல் எலும்பு கரையாது. இது அந்த வாயு செய்யற வேலை. ஈரலையும் அதுதான் தின்னிருக்கும். இது புத்தகத்திலேயே இருக்கு. ஆலை நடத்தறவங்களுக்கு இது தெரியாம இருக்க முடியாது" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்து படம் எடுக்க வேண்டியவர்கள் வரிசையில் நின்றார்கள். கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று விட்டேன்.

டாக்டர் சொல்கிறார், ஒருவர் படம் போதாது. மற்றவர்களின் கையும் ரத்தமும் பார்க்க வேண்டும். ஆலை மருந்தகத்தில் வருடா வருடம் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்களே, அந்த முடிவெல்லாம் எங்கே? எழுதி வைப்பவர் அத்தான்தானே. அவரிடம் கேட்க உனக்குத் துணிச்சல் இருக்கிறதா?


மார்ச் 4

சின்னவளுக்கு,

கேட்டேன். உன் அத்தான் மருந்தகத்தில் இருபத்தாறு வருடம் கம்பவுண்டர். வீட்டில் ஒரு நாள் குரல் உயர்த்தியவரில்லை. கேட்டதும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"அதெல்லாம் ஆபீஸ் விஷயம். நீ தைக்கிற வேலையைப் பாரு."

"தைக்கிற வேலையைப் பார்த்ததாலதான் கேக்கறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளாக இந்த வீட்டில் பேச்சு இல்லை. காப்பி வேண்டுமென்றால் டம்ளரை நங்கென்று வைக்கிறார். நானும் நங்கென்று வைக்கிறேன். பாத்திரங்கள்தான் குடித்தனம் நடத்துகின்றன. அவருக்கு ஏதோ தெரியும். தெரியாதவர் இவ்வளவு நாள் கோபமாக இருக்க மாட்டார்.

அவரை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. ஏழு பேரையும் உன்னிடம் அனுப்புகிறேன். கம்பெனிக்குத் தெரிந்தால் விடமாட்டார்கள். அதனால் பெரிய கால்பந்துப் போட்டி பார்க்கப் போவதாக விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சோடாபுட்டி என்று ஒருவர் வருவார், தடித்த கண்ணாடி போட்டவர், பந்து எந்தப் பக்கம் போகிறது என்றே அவருக்குத் தெரியாது. அவரையும் போட்டி பார்க்கப் போகிறார் என்று மேற்பார்வையாளர் நம்பிவிட்டார்.

ஒட்டகத்தை முதலில் பார். அவர் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

ஏழு பேரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். எக்ஸ்ரே அறை வாசலில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஆலையில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்கள், கையுறை இல்லாமல் இப்படி ஒன்றாக உட்கார்ந்து பார்த்ததே இல்லையாம். "உனக்குமா?" "உனக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஏழில் ஐந்து பேருக்கு எலும்பு கரைந்திருக்கிறது. மூன்று பேருக்கு ஈரலில் தழும்பு. ஒட்டகத்துக்குத்தான் அதிகம். ஆனால் கட்டி இல்லை. டாக்டர் அவரிடம் நேராகவே சொன்னார்: "இனிமே அந்தச் சட்டிக்குள்ள இறங்கலைன்னா நீங்க உங்க பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்ப்பீங்க. இறங்கினா சேர்க்க மாட்டீங்க." ஒட்டகம் தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார், "உங்க வீட்டுக்காரருக்கு இதை யாரும் சொல்லலையா?"

இல்லை என்றேன்.

அவர்களோடு கையுறைகளும் வந்திருந்தன, சாட்சிக்காக. உன் தையலை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும், இரட்டைத் தையல் போட்டு முனையில் ஒரு முடிச்சு. அவற்றை மேசை மேல் நீட்டி வைத்துப் படம் எடுத்தேன், கைகளைப் போலவே. உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். ஆனால் அன்று அது கொஞ்ச நேரம் எங்கேயோ போயிருந்தது.

தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட ஒரு வக்கீலம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் பெயராக என் வீட்டுக்காரர் பெயரையே போடச் சொன்னேன்.


மே 9

சின்னவளுக்கு,

இங்கே ஊர் இரண்டாகிவிட்டது. வழக்கு என்று தெரிந்ததும் எனக்குக் கையுறை வேலையை நிறுத்திவிட்டார்கள். ஏழு பேருக்கும் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். ஏழு பேரைத் துரத்தினால் மீதிப் பதினைந்து பேர் பயந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அந்தப் பதினைந்து பேரும் நேராக என் வீட்டுக்கு வந்து, "எங்க பழைய தாளைக் காட்டுங்கக்கா" என்றார்கள். ஜன்னல் முன்னால் ஒவ்வொருவராக நின்று பார்த்தார்கள். மறுநாள் காலை இருபத்திரண்டு பேரில் ஒருவரும் சட்டிக்குள் இறங்கவில்லை. வேலைக்கு வந்தார்கள், சட்டி ஓரத்தில் உளியை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

பெண்கள் நாங்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தோம். வெறும் சட்டி விஷயம் மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. செதுக்கிய பொருக்கைக் குடியிருப்புக்குப் பின்னால் குழியில் போட்டு எரிக்கிறார்களே, அந்தப் புகையில் யார் வீட்டுக் குழந்தைக்கு எத்தனை மாதமாக இழுப்பு என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். கொடியில் காயும் துணி இற்றுப்போவது ஏன் என்று தையல்காரி எனக்கே இத்தனை நாள் புரியவில்லை; அந்தப் புகையில் அமிலம் இருக்கிறதாம். ஓடையில் பிடித்த மீனை ஒருத்தி அங்கேயே கீறிக் காட்டினாள். வயிற்றுக்குள் வெள்ளைப் பொடி, திருநீறு டப்பாவைக் கவிழ்த்த மாதிரி.

மேலாளர் காரை விட்டு இறங்கி வந்தார். கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஏம்மா, உங்க தங்கச்சி ஆஸ்பத்திரியிலதானே இருக்காங்க. அங்க நோயாளிக்கு ஏத்தற குழாய் எதுல செஞ்சது? ரத்தப் பை எதுல செஞ்சது? இந்தப் பொடியிலதான். நாளைக்கு அது வரலைன்னா யார் சாவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

எனக்கு வாயடைத்துவிட்டது. நானா வாயடைத்துப் போனேன் என்று நீ சிரிப்பாய். ஆனால் உண்மையிலேயே பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் உடனே எழுது.

அக்கா


மே 17

அக்கா,

மேலாளர் சொன்னது பாதி உண்மை. நான் தினமும் தொடும் குழாய் அந்தப் பொடிதான். புதுக் குழாயைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்குச் சட்டி நினைவு வரும். அதை வளைய வைக்க ஒரு எண்ணெய் சேர்க்கிறார்கள், அது கசிந்து உடம்புக்குள் போகிறது என்று எங்கள் குழந்தைகள் வார்டில் குறைமாதக் குழந்தைகளுக்கு வேறு குழாய்க்கு மாறிவிட்டார்கள். ஆக, மாற்றே இல்லை என்று அவர் சொல்வது மீதிப் பாதி, அது பொய்.

இதைப் போய்ச் சொல்: வேறு இடங்களில் இதே சட்டியை ஆள் இறங்காமல் கழுவுகிறார்கள். மூடியை மூடி, உள்ளே சுழலும் குழாயை விட்டு, வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் பொருக்கு உதிர்ந்துவிடும். ஒட்டாமல் இருக்கச் சுவருக்குப் பூச்சும் உண்டு. டாக்டர் அந்தப் புத்தகப் பக்கங்களை வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டார். இந்த மிஷினை வாங்கச் சொல்லி உங்கள் ஆலைப் பொறியாளரே எட்டு வருடம் முன்பு எழுதியிருக்கிறார். "ஆள் இருக்கையில் மிஷின் எதற்கு" என்று யாரோ ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நீதிமன்றம் கேட்டு வாங்கிய ஆவணங்களில் அந்தத் தாளும் இருந்தது.

எட்டு வருடம் முன்பு அவர் உயிரோடு இருந்தார், அக்கா.

விசாரணை ஜூன் 28, இங்கேதான். போன வாரம் சிகிச்சைக்காக இங்கே சேர்த்த ஒட்டகம் தேறி வருகிறார். வார்டில் இருக்கும் கட்டில் எதுவும் அவர் நீளத்துக்குப் போதவில்லை, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.


ஜூன் 25

சின்னவளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். உன் அத்தானைக் காணவில்லை. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கைப்பையோடு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "வர ஒரு வாரமாகும்" என்றார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். மத்தியானம் மருந்தகத்திலிருந்து ஆள் வந்து, அலமாரிச் சாவியைக் கேட்கிறான். மேலாளரின் காரும் இன்று காலை உங்கள் ஊர்ப் பக்கம் போயிருக்கிறது.

அவர் கம்பெனிக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் வாசலை விட்டு வர முடியாது. வந்தால் பெண்கள் கலைந்துவிடுவார்கள். அங்கே அவர் முகத்தைப் பார்த்தால் எனக்காக ஒன்று செய். முகத்தைத் திருப்பிக்கொள்.

அக்கா


ஜூன் 29

அக்கா,

நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் டாக்டர் பேசினார். பிறகு நான் என் வீட்டுக்காரர் கைப் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினேன். ஆறு வருடமாகப் பழகிய படம். பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். இறந்தவர் தள்ளாடித் தள்ளாடி வீட்டுக்குப் போவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள், சொந்த மைத்துனியே அவரைக் குடிகாரர் என்று சொல்லியிருக்கிறார் என்றார்.  அடுத்த சாட்சியாக அத்தானைக் கூப்பிட்டார். அவர்கள் பக்கத்துச் சாட்சியாகத்தான் வந்திருந்தார்.

"மருந்தகப் பதிவேட்டில் குடிப்பழக்கம் என்று எழுதியது நீங்கதானே?"

"நான்தான்."

"அவ்வளவுதான்" என்று அந்த வக்கீல் உட்காரப் போனார்.

"அவ்வளவு இல்லீங்க" என்றார் அத்தான்.

கைப்பையைத் திறந்தார். ஒன்பது பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு வருடத்து ரத்தப் பரிசோதனையும், ஒவ்வொருவர் ஈரல் அளவும், முதலில் வந்தபடியே. அலுவலகத்துக்கு வேறு ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு இவற்றை அழிக்கச் சொன்னார்களாம். அவர் அழிக்கவில்லை. மருந்துப் பெட்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். வெளியே எடுக்கவும் துணியவில்லை.

நீதிபதி கேட்டார், "அந்த வரியை ஏன் எழுதினீங்க?"

"எழுதச் சொன்னாங்க, எழுதினேன். வேலை போயிடும்னு பயம். அவன் எனக்குச் சகலை. என் பக்கத்துல உட்கார்ந்து எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கான். அவன் குடிச்சு நான் பார்த்ததே இல்லீங்க. சட்டிக்குள்ள இருந்து ஏறி வர்ற எல்லாருமே தள்ளாடித்தான் வருவாங்க. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்."

 கம்பெனி வக்கீல் தன் தாள்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றோம். அத்தான் என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்துப் பேசினார். "உங்க அக்கா எங்கிட்டப் பேசாம இருந்தப்போ எனக்குக் கோபம் வரலம்மா. அவ கையுறைத் தாளை எல்லாம் ஜன்னல்ல ஒட்டி வச்சிருந்தா. தினம் காலையில ஷேவ் பண்ணும்போது அவன் கையும் அங்க தெரிஞ்சது." மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்.

அவர் நாளை மறுநாள் வீட்டுக்கு வருவார். டம்ளரை நங்கென்று வைக்காதே.


செப்டம்பர் 14

என் தங்கத்துக்கு,

தீர்ப்பு உனக்கும் வந்திருக்கும். ஆனால் இங்கே என்ன நடந்தது என்று வக்கீலம்மா எழுதியிருக்க மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

சோடாபுட்டிதான் தபால் நிலையத்திலிருந்து ஓடி வந்தார், கண்ணாடி ஒரு காதில் தொங்க. வாசலில் இருந்த எல்லோரும் என்னைப் படிக்கச் சொன்னார்கள். பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார்கள். நூற்றுப் பதினெட்டு நாள் உட்கார்ந்த பெஞ்சு, ஏறியதும் ஆடியது, நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். இனி சட்டிக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்று படித்தேன். உள்ளே இருந்தவர்கள் உளியால் இரும்பைத் தட்டினார்கள். அந்தச் சத்தம் அடங்கும் வரை நின்றேன். எரிகுழியை மூட வேண்டும், ஓடைக்குப் போகும் வாய்க்காலை அடைக்க வேண்டும், வெளியாட்கள் வந்து மாதா மாதம் காற்றை அளக்க வேண்டும், இருபத்திரண்டு பேருக்கும் வேலையும் வீடும் வைத்தியமும் தொடர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தட்டினார்கள்.

பிறகு கடைசிப் பக்கம். உன் வீட்டுக்காரர் பெயரைப் போட்டு நீதிபதி எழுதியிருந்ததை வார்த்தைக்கு வார்த்தை படித்தேன்: "இவருக்குக் குடிப்பழக்கம் இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. இவர் நோய்க்கும் இறப்புக்கும் காரணம் இவர் செய்த வேலை. இதற்கு மாறாக எழுதப்பட்ட மருந்தகக் குறிப்பு பொய்யானது, அது நீக்கப்படுகிறது."

அதற்கு யாரும் தட்டவில்லை. தலையில் தொப்பி இருந்தவர்கள் எடுத்துவிட்டார்கள்.

நான் பெஞ்சை விட்டு இறங்கவில்லை. சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. "இந்த ஊர்ல அவரைக் குடிகாரன்னு முதல்ல சொன்னது நான்தான். அவர் செத்த வீட்டுல, எல்லார் முன்னாலயும் சொன்னேன். அதனால எல்லார் முன்னாலயும் சொல்றேன், நான் சொன்னது பொய். என் வாயால கேட்டவங்க எல்லாரும் அதை மறந்துடுங்க, இதை மட்டும் வச்சுக்கங்க." கடைசி ஆள் வரை கேட்டிருக்கும். என் குரலைத்தான் உனக்குத் தெரியுமே. உன் அத்தான் கீழே நின்று பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை மருந்தக வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது நான் தைக்கிற சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிறார். மோசமாகத் தைக்கிறார்.

சட்டிக்குள் ஆள் இறங்காததால் கம்பெனி ஜூலையிலேயே வரவழைத்திருந்த தண்ணீர் பீய்ச்சும் மிஷினை நேற்று ஓட்டிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு பேரும் சட்டியைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். மூடி மூடியது, உள்ளே இடி மாதிரி சத்தம், ஒரு மணி நேரத்தில் நின்றது. திறந்து விளக்கடித்துப் பார்த்தால் சுவர் பளபளவென்று இருந்ததாம். இத்தனை வருடமாகத் தான் உளியோடு மல்லுக்கு நின்ற சுவரை ஒட்டகம் மேலே நின்றபடி குனிந்து பார்த்தாராம். மிஷினைக் கையாள அவரைத்தான் போட்டிருக்கிறார்கள். அவர் மனைவிக்குப் பெண் குழந்தை. இப்போதே கால் நீளம்.

வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வீடு பெருக்கி வைத்திருக்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 23

அக்கா,

தீர்ப்பை நான் எக்ஸ்ரே அறையில், விளக்குப் பலகை வெளிச்சத்தில் படித்தேன். கடைசிப் பக்கத்தை டாக்டர் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். வரிசையில் நின்ற நோயாளிகள் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்கள். நீ பெஞ்சு மேல் ஏறிச் சொன்னதை ஒட்டகமும் எழுதியிருந்தார். அதை நான் இரண்டு முறை படித்தேன், அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம்.

நேரில் என்று ஏன் எழுதுகிறேன் என்றால், ஆலையில் எல்லோரையும் வெளி ஆஸ்பத்திரி பரிசோதிக்க வேண்டும் என்று தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது, நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். எங்கள் ஆஸ்பத்திரியைத்தான் கேட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரே வண்டியோடு டாக்டரும் நானும் அக்டோபர் 5 காலையில் வருகிறோம். முதல் நாள் சட்டிக்காரர்கள். இரண்டாம் நாள் பொடி மூட்டை கட்டுகிற பெண்கள். மூன்றாம் நாள் எரிகுழிப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள், நெஞ்சுப் படம். எல்லோரையும் பட்டியல் போட்டு வை, யாரும் விட்டுப் போகக் கூடாது.

நான் ஊரை விட்டுக் கிளம்பியபோது ஆலையின் பக்கவாட்டுச் சந்து வழியாக, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போனேன். இந்த வண்டி சந்துக்குள் நுழையாது. பெரிய கதவை இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்து வைக்கச் சொல்லி மேலாளருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியாகிவிட்டது. நான் ஓட்டுநர் பக்கத்தில், முன் இருக்கையில் உட்கார்ந்து வருவேன்.